கதிரைக்குப் பன்னிரண்டு புள்ளி

என் வீட்டுக்காரருக்கு ஆள் பார்க்கத் தெரியுமா என்று பார்ப்பதற்கு மூன்று பேரைக் கொண்ட சபை ஒன்றை அமைத்திருந்தார்கள். அந்த மூன்று பேருக்கும் ஆள் பார்க்கத் தெரியுமா என்று பார்ப்பதற்குச் சபை எதுவும் இல்லை. நான் கேட்டேன். அதற்கான முன்மொழிவு பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

சபையின் முழுப்பெயர் மாவட்டக் காற்பந்துப் பயிற்றுநர் தரநிர்ணயச் சபை, பின்களப் பிரிவு. முன்களத்துக்கு வேறு சபை இருந்தது. கோல் காப்பாளருக்கு இன்னொன்று. யுத்தம் முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மட்டக்களப்பில் சும்மா கிடந்த கட்டடம் எல்லாவற்றுக்கும் பெயர்ப்பலகை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. சுனாமிக்கு வந்து போன நிறுவனங்கள் மேசை, கதிரை, கம்ப்யூட்டர் எல்லாம் விட்டுவிட்டுப் போயிருந்தன. அவற்றுக்குப் பின்னால் உட்கார ஆட்கள் தேவைப்பட்டார்கள், உட்கார்ந்தார்கள்.

என் வீட்டுக்காரர் யாக்கோப்பு. மாங்கேணியில் கடற்றொழில். பின்னேரமானால் ஊர்ப் பொடியன்களுக்குப் பந்து பழக்குவார். அதற்கு அவருக்கு ஒருவரும் எதுவும் கொடுத்ததில்லை, 'மாஸ்டர்' என்ற பெயரைத் தவிர. அவருடைய பைத்தியம் முழுக்கப் பின்களத்தில்தான். கோல் அடிக்கிறவனை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். "அவன் தானா வருவான். பெக்கைத்தான் தேடிப் பிடிக்கோணும்" என்பார். பெக் என்றால் பின்களத்தில் நின்று மறிக்கிறவன். எங்கள் திடலும் அதற்குத் தோதாகத்தான் வாய்த்தது. கடல் பழைய கம்பங்களைக் கொண்டுபோன பிறகு, ஒரு நிறுவனம் வந்து ஒரு பக்கத்துக் கோல் கம்பத்தை நட்டது. மற்றப் பக்கம் வேறொரு நிறுவனத்தின் பொறுப்பு. அது நடுவதற்கு முன் தன் நாட்டுக்குப் போய்விட்டது. ஆகவே எங்கள் பொடியன்கள் வருடக் கணக்காக ஒரே கோலைக் காத்துக் காத்து, காப்பதில் வல்லவர்களாகிவிட்டார்கள்.

ஆள் பார்ப்பதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. கரைவலை இழுக்கும்போது, வலையின் மடி கரைக்குக் கிட்ட வந்து மீன் துள்ளத் தொடங்கியதும் எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டுப் பார்க்க ஓடுவார்கள். ஓடாமல் கயிற்றோடு நிற்கிறவன் எவனோ அவன்தான் பெக். அப்படித்தான் ரதீஸைக் கண்டுபிடித்தார். பக்கத்து வளவு கேதீஸ்வரியின் ஒரே பிள்ளை. பதினாறு வயதிலேயே பெரிய பெரிய ஆட்களை மறித்துப் பந்தைப் பறித்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோலத் திரும்பி நடப்பான். அவன் நடக்கிற நடையைப் பார்க்கவே இவர் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போய் நிற்பார்.

யுத்தம் எங்கள் பக்கம் வந்து நாங்கள் எல்லோரும் பெட்டி படுக்கையோடு ஓடினபோது, அந்த ஓட்டத்துக்குள் ரதீஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். யார் பிடித்தது என்று கேட்கிற வழக்கம் அப்போது எங்களிடம் இல்லை. யுத்தம் முடிந்தபோது, உயிரோடு இருக்கிறான், பொலன்னறுவைப் பக்கம் ஒரு புனர்வாழ்வு முகாமில் வைத்திருக்கிறார்கள் என்று விசளம் வந்தது. கேதீஸ்வரி அன்று எங்கள் வாசலில் விழுந்து அழுத அழுகை சந்தோசமா துக்கமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பிறகுதான் அந்த அறிவித்தல் வந்தது. முகாமில் இருக்கிற ஒரு பொடியனை, தரம் பெற்ற பயிற்றுநர் ஒருவர் திறமைசாலி என்று பரிந்துரைத்தால், அவனை மாவட்ட அணியில் சேர்ப்பார்கள். அணியில் சேர்ந்தவன் முகாமை விட்டு வெளியே வந்து பயிற்றுநரின் ஊரில் தங்கலாம். என் வீட்டுக்காரருக்குத் தரம் இல்லை. அதைக் கொடுக்கிறதுதான் அந்தச் சபை.

கேதீஸ்வரி விடிய முன்னமே வேலியால் வந்துவிட்டாள்.

"மாஸ்டர், நீங்க பாஸ் பண்ணினா என்ட புள்ள வருவான்."

"ஓம் தங்கச்சி. பாக்கிறன்."

"பாக்கிறன் எண்டு சொல்லாதீங்க மாஸ்டர். பாஸ் பண்ணுறன் எண்டு சொல்லுங்க."

"என்னத்தக் கேப்பாங்களோ தெரியாதே, தங்கச்சி."

"பெக்கைப் பத்தித்தானே கேப்பாங்க. உங்களுக்குத் தெரியாத பெக்கா?" என்றாள். பாவி, அதை நம்பித்தானே நாங்களும் பஸ் ஏறினோம்.

என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். குடும்ப ஒத்துழைப்புக்கு ஐந்து புள்ளி. மனைவி சபையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் ஐந்தும் கிடைக்கும், பேசினால் குறையும். நான் பேசாமல் உட்காருவதென்றால் எங்கள் ஊரில் ஆட்கள் பார்க்க வருவார்கள். ஆனாலும் ரதீஸுக்காகப் போய் உட்கார்ந்தேன். கேதீஸ்வரி வெளியே வாகை மரத்துக்குக் கீழே இருந்தாள்.

சபையின் தலைவர் வல்லிபுரம். அரசாங்கக் களஞ்சியம் ஒன்றில் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செயலாளர் வினாயகமூர்த்தி. தலைவர் சிரித்தால் சிரிப்பார், இருமினாலும் சிரிப்பார். மூன்றாவது ஆள் பிரஷாந்தி என்ற பிள்ளை. கம்ப்யூட்டரில் புள்ளி போடுவது அவளுடைய வேலை. வல்லிபுரம் எழும்பி நின்று உரையாற்றினார். கேட்டுக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேரும் ஒரு மின்விசிறியும்தான்.

"நான் பந்தை ஒருநாளும் உதைத்ததில்லை. ஆகவே எனக்குப் பக்கச்சார்பு கிடையாது. முப்பது வருடம் களஞ்சியம் பார்த்தவன். களஞ்சியத்தில் என்ன வேலை? உள்ளே இருப்பதை வெளியே விடாமல் காப்பது. பின்களத்தில் என்ன வேலை? வெளியே இருப்பதை உள்ளே விடாமல் காப்பது. இரண்டும் ஒன்றே. என் களஞ்சியத்தில் இருந்து ஓர் ஆணி வெளியே போனதில்லை. சுனாமி அன்று சனம் வந்து கதவைத் தட்டியது. உள்ளே ஆயிரம் கூடாரம் இருந்தது. மேலிடத்து அனுமதி வரும்வரை நான் திறக்கவில்லை. மழை பெய்தது, அப்போதும் திறக்கவில்லை. அனுமதி வந்தபோது சனமெல்லாம் வேறு இடம் போயிருந்தது. ஒரு கூடாரம்கூடக் குறையவில்லை! அந்தச் சேவையைக் கௌரவித்துத்தான் இந்தப் பதவியைத் தந்தார்கள்."

வினாயகமூர்த்தி கை தட்டினார். நானும் தட்டினேன். ஐந்து புள்ளி அல்லவா.

பிறகு கேள்வி தொடங்கியது.

"யாக்கோப்பு, இரண்டாயிரத்து நாலில் உமது பின்கள இருப்பு எவ்வளவு?"

இவர் முழித்தார். "என்ன இருப்பு சேர்?"

"ஆட்கள், ஐசே. எத்தனை பேர் இருப்பில் இருந்தார்கள்?"

"நாலு பேர் சேர். லூர்து, அவன்ட தம்பி, சுஜீவன், ரதீஸ்."

"அடுத்த வருடம்?"

"ரெண்டு பேர்."

"ஐம்பது வீதம் குறைவு. என்ன காரணம்?"

"கடல் சேர்."

"கடல் என்றால்?"

 குறைந்துபோன அந்தப் பொடியன்கள் இரண்டு பேரும் எங்கள் வீட்டுப் பின்கோடிக்குள் சோறு தின்று வளர்ந்தவர்கள். "லூர்தும் தம்பியும் ஓடேல்ல சேர். பின்னுக்கு நிண்டு சின்னப் புள்ளைகளத் தூக்கித் தூக்கி மதிலுக்கு மேல குடுத்தவங்க. மறுகா அடுத்த அலை வந்திட்டு."

வல்லிபுரம் கவனமாகக் கேட்டார். "அப்படியென்றால் தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை விட்டு விலகினார்களா?"

"இல்ல சேர். விலகல்ல. அதாலதான் போனாங்க."

"நிலை தவறாமை, நன்று" என்று வினாயகமூர்த்தி சொல்ல, பிரஷாந்தி கம்ப்யூட்டரில் தட்டினாள். பிறகு அவளுடைய கை நின்றுவிட்டது. அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்த முறை வெளிநாட்டில் செய்தது. ஆட்டக்காரர் குறைந்தால் காரணத்துக்கு அதில் இரண்டே இரண்டு பெட்டிதான் இருந்தன. ஒன்று பயிற்சிக் குறைபாடு, மற்றது ஒழுக்கக் குறைபாடு.

"கடலுக்குப் பெட்டி இல்ல சேர்" என்றாள் பிரஷாந்தி. அந்தப் பிள்ளையின் முகம் கறுத்துப் போயிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். "ஏதாவது ஒண்டு போடாட்டி அடுத்த பக்கம் போகாது."

"யாக்கோப்பு, நீரே சொல்லும். பயிற்சியா, ஒழுக்கமா?"

எனக்கு வாய் துருதுருத்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.  செத்த பொடியன்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று எப்படிச் சொல்வது?

"பயிற்சி எண்டு போடுங்க சேர்" என்றார். "நான்தான் ஒழுங்காப் பழக்கல்ல. நீந்தப் பழக்கியிருக்கோணும்."

பெரிய துண்டாகப் புள்ளி வெட்டுப்பட்டது. வெளியே வந்ததும் கேதீஸ்வரி ஓடிவந்து, "என்னகா அஞ்சலாக்கா, எப்பிடி?" என்று கேட்டாள். நல்லாப் போனது என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அடுத்த அமர்வு செய்முறை. பயிற்றுநர் தானே உருவாக்கிய பின்கள ஆட்டக்காரர்களை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

"ரெண்டு பேர்தான் மிச்சம் சேர்" என்றார் இவர். "சுஜீவன் கட்டார்ல. கொங்கிறீட் வேலை. ரதீஸ் முகாமில."

"கட்டாரில் இருப்பவர் ஏற்றுமதி. அவரை விடும். முகாமில் இருப்பவரைக் கொண்டுவாரும்."

"அவனக் கொண்டுவரத்தான் சேர் நான் தரம் கேக்கிறன்."

"தரம் கேட்பதென்றால் அவரைக் கொண்டுவர வேண்டும்."

"தரம் இருந்தாத்தானே சேர் அவன விடுவாங்க?"

"அவரைக் காட்டினால்தானே ஐயா தரம்?"

இரண்டு பேரும் மாறி மாறி இதையே சொல்லிக்கொண்டு நின்றார்கள். கடைசியில் வினாயகமூர்த்தி தலைவரின் காதுக்குள் ஏதோ சொன்னார். வல்லிபுரம் பெருந்தன்மையோடு தலையாட்டினார். ஆட்டக்காரர் வராவிட்டாலும் பரவாயில்லை, அவர் நிற்கும் இடத்தில் ஒரு கதிரையை வைத்து அவருடைய ஆட்டத்தை நிரூபிக்கலாம் என்று சபை சலுகை வழங்கியது.

கட்டடத்துக்குப் பின்னால் முற்றத்தில் நாலு பிளாஸ்டிக் கதிரைகளை வரிசையாக வைத்தார்கள். நீலம் மூன்று, வெள்ளை ஒன்று. வெள்ளைக் கதிரை ரதீஸ். இவர் அதை ஒரு முழம் பின்னுக்கு இழுத்து, ஒள்ளுப்பம், ஒரு விரலளவு, சரித்து வைத்தார். "அவன் இப்பிடித்தான் சேர் நிப்பான். நேரே நிக்கமாட்டான்" என்றார். அதைச் சொல்லும்போது கதிரையின் கைப்பிடியைத் தடவிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுகைக்குப் புள்ளி குறைக்கிறார்களா என்று தெரியாததால் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எதிரணி வீரராகத் தலைவரே இறங்கினார். காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் நீலக் கதிரையைத் தாண்டினார். இரண்டாவதையும் தாண்டினார். வினாயகமூர்த்தி "ஆகா" என்றார். வெள்ளைக் கதிரைக்குக் கிட்ட வந்ததும் அதன் சரிந்த காலில் கால் தட்டி, தலைவர் குப்புற விழுந்தார். பந்து உருண்டு போய் மதிலோடு நின்றது.

 வல்லிபுரம் எழும்பி, மண்ணைத் தட்டிக்கொண்டு, கதிரையை மரியாதையோடு பார்த்தார்.

"முப்பது வருடத்தில் என்னை ஒருவரும் இப்படி மறித்ததில்லை. நிலையுணர்வு நன்று. துணிவு நன்று. வேகம் போதாது. இருபதுக்குப் பன்னிரண்டு புள்ளி."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தேவிட்டோம். அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னமே வல்லிபுரம் கதிரையைக் கவிழ்த்துப் பார்த்தார். களஞ்சியக்காரர் அல்லவா, கை சும்மா இருக்குமா? அடியில் மையால் சபையின் பொருள் இலக்கம் எழுதியிருந்தது.

"இது சபையின் உடைமை. ஆகவே இந்த ஆட்டக்காரர் சபையின் ஆட்டக்காரர். இவரை நீர் உருவாக்கியதாக உரிமை கோர முடியாது."

"கதிரை உங்கட சேர். ஆனா அந்த இடத்தில நிக்கிறது ரதீஸ்தானே?"

"ரதீஸ் என்பவர் இங்கே நிற்கிறாரா? எனக்குத் தெரியவில்லை. செயலாளருக்குத் தெரிகிறதா?"

வினாயகமூர்த்தி முற்றம் முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றார். பன்னிரண்டு புள்ளியும் கதிரையின் பெயரில் பதியப்பட்டது. அந்தக் கதிரை இப்போதும் மாவட்டத் தரவரிசையில் இருக்கிறது என்று கேள்வி.

மூன்றாவது அமர்வு ஆள் பார்த்தல். வாவிக் கரையில் ஒரு திடலில் பொடியன்களை இறக்கி ஓடவிடுவார்கள். பயிற்றுநர் அவர்களுக்குள் இருக்கிற பின்களத் திறமையை அடையாளம் காண வேண்டும். ஐம்பது புள்ளி. இதில் வென்றால் முன்னுக்கு இழந்ததெல்லாம் ஒன்றுமில்லை. இவருடைய முகத்தில் அன்றைக்குத்தான் வெளிச்சத்தைக் கண்டேன். "இது என்ட வேலைதானே" என்றார்.

அன்று வீட்டுக்குப் போகும்போது நடைபாதையில் வைத்து வினாயகமூர்த்தி இவருடைய தோளில் கை போட்டார்.

"மாஸ்டர், நாளைக்கு நீலச் சப்பாத்துப் போட்ட பொடியன் ஒருத்தன் வருவான். உதயரூபன். தலைவர்ர தங்கச்சிட மகன். மாவட்ட அணி மாலைதீவுக்குப் போகப்போகுது, தெரியும்தானே? கண்ணுள்ள ஆளுக்கு அவன்ட திறமை தெரியும். கண்ணில்லாத ஆளுக்குத் தரம் குடுக்கேலாது. நான் ஒண்டும் சொல்லேல்ல."

ஒன்றும் சொல்லாமலே போய்விட்டார்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இவர் முற்றத்தில் இருந்தார், கேதீஸ்வரி எதிரே மண்ணில் இருந்தாள். இந்த மனுசனைப் பற்றி ஊருக்கே தெரியும். எங்கள் சொந்த மகனையே, ஒரு கலியாண வீட்டில் நாலு பேருக்கு முன்னால், "நீ பெக் இல்லடா, உனக்கு நிக்கத் தெரியாது" என்று சொன்னவர். அவன் அதோடு பந்தையே விட்டுவிட்டான். நான் சண்டை பிடித்தபோது, "பொய் சொல்லட்டா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

"ஒரு பொய்தானே மாஸ்டர்" என்றாள் கேதீஸ்வரி.

"வேற எதையும் சொல்லலாம் தங்கச்சி. பெக்கைப் பத்தி நான் ஒருநாளும் பிழையாச் சொன்னதில்ல."

"அந்தப் பொடியன் நல்லவன் எண்டு சொன்னா ஆருக்கு என்ன நட்டம்? போயிட்டு வரட்டும் மாலைதீவுக்கு. என்ட புள்ள வந்தாப் போதும். போன கிழமை போய்ப் பாத்தனான் மாஸ்டர். என்னோட கதைக்கிறானில்ல. மேசையையே பாத்துக்கொண்டு இரிக்கான்.  இன்னும் கனநாள் அங்க கிடந்தா அவன் எனக்கு இல்ல." அவள் எழும்பி வந்து இவருடைய காலைப் பிடித்தாள். "சொல்லுங்க மாஸ்டர். என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லுங்க. என்ன கேட்டாலும்."

"எழும்பு தங்கச்சி, எழும்பு" என்று இவர் பதறினார். "சொல்றன். ஓம், சொல்றன்."

அடுத்த நாள் திடலில் கொட்டகை போட்டு, ஒலிவாங்கி வைத்து, மாலையும் வாங்கி வைத்திருந்தார்கள். பொடியன்கள் ஓடினார்கள். நல்ல பொடியன்கள் இரண்டு பேர் இருந்தார்கள் என்று இவர் பிறகு சொன்னார். எனக்குப் பந்து தெரியாது. ஆனாலும் நீலச் சப்பாத்து தெரிந்தது. பந்து வரும்போதெல்லாம் அது மற்றப் பக்கம் போனது. ஒருமுறை பந்து அவனைத் தேடியே வந்துவிட்டது. உதயரூபன் கண்ணை மூடிக்கொண்டு முதுகைக் காட்டினான். பந்து முதுகில் பட்டு வெளியே போனது.

"கண்டீரா யாக்கோப்பு?" என்றார் வல்லிபுரம் ஒலிவாங்கியில். "உடலையே கேடயமாக்கி மறித்த அந்தப் பிள்ளையைக் கண்டீரா?"

"கண்டன் சேர்."

"உமது மதிப்பீடு?"

இவர் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிரஷாந்தி கமெராவைத் தூக்கிப் பிடித்தாள். கொட்டகைக்கு வெளியே வெயிலில் கேதீஸ்வரி நின்றாள்.

"நல்ல பெக்" என்றார்.

"நல்லவரா, மிக நல்லவரா? முறைப்படி தெளிவாகச் சொல்லும்."

"மிக நல்லவர் சேர்."

"இன்று இங்கு வந்தவர்களில் மட்டுமா, உமது அனுபவத்திலா?"

"என்ட... அனுபவத்தில."

"அதாவது, நீர் இதுவரை பழக்கிய எல்லோரையும் விடவா?"

  எல்லோரையும் என்றால் லூர்து, அவன் தம்பி, சுஜீவன். எல்லோரையும் என்றால் ரதீஸ். இவர் திரும்பிக் கேதீஸ்வரியைப் பார்த்தார். அவள் அங்கே நின்று, ஓம் ஓம் என்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள்.

"ஓம் சேர்" என்றார். "எல்லாரையும் விட."

கொட்டகை முழுக்கக் கைதட்டல். ஐம்பதுக்கு ஐம்பது. பிரஷாந்தி புள்ளிகளைக் கூட்டி முடித்து ஏ தரம் என்று அறிவித்தாள். என் வாய்க்கும் முழுதாக ஐந்து கிடைத்திருந்தது. மாலை போட்டார்கள். மாலைக்குள் இவருடைய முகம் செத்த வீட்டுக்குப் போகிறவர் மாதிரி இருந்தது. அதைப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வெற்றி பெற்ற அன்றைக்காவது ஒள்ளுப்பம் சிரிக்கக் கூடாதா இந்த மனுசன்?

மாலையோடேயே வல்லிபுரத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"சேர், இப்ப எனக்குத் தரம் இரிக்கு. ரதீஸை நான் பரிந்துரைக்கிறன்."

வல்லிபுரம் உண்மையாகவே வருத்தப்பட்டார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. ஒரு நக்கல் சிரிப்பாவது சிரித்திருந்தால் பிடித்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

"யாக்கோப்பு, ஒரு பயிற்றுநருக்கு ஒரு பின்கள ஆட்டக்காரர். நீர் உதயரூபனை ஏற்கெனவே பரிந்துரைத்துவிட்டீர்."

"அது... மதிப்பீடுதானே சேர்? பரிந்துரை இல்லையே."

"ஏ தரப் பயிற்றுநரின் மதிப்பீடுதான் பரிந்துரை. சரி, விதியை விடுவோம். நியாயத்தைப் பார்ப்போம். இடம் ஒன்றுதான் இருக்கிறது. இருவரில் சிறந்தவரைத்தான் எடுக்க வேண்டும். எல்லோரையும் விட உதயரூபன் சிறந்தவர் என்று உலகமறியச் சொன்னது யார்? மாவட்டத்திலேயே ஆள் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதர் என்று சபை சான்று கொடுத்தவர். அவருடைய வார்த்தையை நான் மீறலாமா? அது உம்மை அவமதிப்பதாகும். நான் அதைச் செய்யமாட்டேன்."

"நான் பொய் சொன்னன் சேர்."

வினாயகமூர்த்தி இருமினார். வல்லிபுரம் மெதுவாக, ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற மாதிரிச் சொன்னார்.

"பொய் சொன்னீர் என்றால் தரம் இரத்து. தரம் இரத்து என்றால் ரதீஸைப் பரிந்துரைக்க உமக்குத் தகுதி இல்லை. பொய் சொல்லவில்லை என்றால் ரதீஸ் இரண்டாம் இடம். இரண்டில் எதைப் பதியட்டும்?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் என்பதை எழுதினால் அச்சில் வராது. ஐந்து புள்ளியும் போனது. பொய் சொல்லவில்லை, ரதீஸ் இரண்டாம் இடம் என்றே பதிந்தார்கள். மாங்கேணி பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில் கேதீஸ்வரி இருந்தாள். அவளுக்கு ஒருவரும் இன்னும் சொல்லவில்லை. எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். பனிச்சங்கேணிக்குப் போகிற சனம் எல்லாம் பார்க்க, "எங்கட மாஸ்டர் ஏ எடுத்திட்டார்" என்று பக்கத்தில் இருந்த மனுசிக்குச் சொன்னாள். எங்கள் வாசலில் வைத்துத்தான் இவர் சொன்னார். அவள் கத்தவில்லை. "நான் சொல்லித்தானே சொன்னீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலியால் போனாள்.

கதை அதோடு முடிந்திருக்கலாம், சபை விடவில்லை. கண்டுபிடித்த திறமையை வளர்க்கிறதும் பயிற்றுநரின் கடமையாம். ஒரு பின்னேரம் ஜீப்பில் உதயரூபனைக் கொண்டுவந்து எங்கள் திடலில் இறக்கிவிட்டார்கள். ஆளைப் பார்த்துக் கோபிக்கவும் முடியவில்லை. மெல்லிய பிள்ளை, மரியாதையாகப் பேசுவான். "சேர், எனக்குப் பந்தெண்டாப் பயம்" என்று வந்ததும் வராததுமாகச் சொன்னான். "மாமாதான் விடுறாரில்ல. எனக்கு கம்ப்யூட்டர் படிக்கத்தான் விருப்பம்."

"பாப்பம் தம்பி" என்றார் இவர்.

ஊர்ப் பொடியன்களை எதிரே விட்டு அவனைக் கோலுக்கு முன்னால் நிறுத்தினார். நான் தண்ணீர்க் குடத்தோடு ஓரத்தில் இருந்தேன். கேதீஸ்வரி எங்கிருந்தோ வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்குப் பிறகு அவள் எங்களோடு பேசவில்லை. உதயரூபனை மேலும் கீழும் பார்த்தாள். இவர் தண்ணீர் குடிக்க வந்தபோது, தலையை உயர்த்தாமலே கேட்டாள்.

"மாஸ்டர், இந்தப் பொடியனுக்குக் கால் முறிஞ்சா, அந்த இடத்துக்கு அடுத்த ஆள் ஆர்?"

இவர் குடித்த தண்ணீர் வாய்க்குள்ளேயே நின்றது.

"ரெண்டாம் இடம் எண்டுதானே சொன்னவங்க" என்றாள் அவள். "அப்ப அடுத்த ஆள் என்ட புள்ளதானே?"

 அவளைப் பிழை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் அவளாக இருந்தால் கேட்டே இருக்கமாட்டேன், நேரே போய்க் கல்லைத் தூக்கியிருப்பேன். இவர் குவளையை வைத்துவிட்டுத் திடலுக்குள் போனார். போய் நின்றவர் உதயரூபனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவனுடைய நிற்பு எல்லாமே பிழை, எனக்கே தெரிந்தது. இவர் ஒன்றையும் திருத்தவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றார். இருபது வருடத்தில் அவர் ஒரு பெக்கைத் திருத்தாமல் நின்றதை நான் கண்டதில்லை.

எங்கள் ஊரிலேயே கட்டையான, பலமான பொடியன் பந்தோடு பாய்ந்து வந்தான். உதயரூபன் பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு ஒரு காலை விறைப்பாக நேரே நீட்டினான். கேதீஸ்வரி என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"மடக்கடா காலை!" இவருடைய குரல் திடல் முழுக்கக் கேட்டது. "முழங்காலை மடக்கு! நீட்டினா முறிஞ்சிரும்!"

பொடியன் மடக்கினான். இரண்டு பேரும் மோதி விழுந்து எழும்பினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பந்து எப்படியோ உதயரூபனின் காலடியில் கிடந்தது. அவன் அதை நம்பமுடியாமல் பார்த்தான்.

இவர் அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பினார். கேதீஸ்வரி என் கையை விட்டாள். எழும்பி, சீலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "சரியாத்தான் பழக்கிறார்" என்று எனக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.